கேட்டுக் கொடுப்போம்: பிள்ளைகளின் கையால் சேரும் உதவி நிதி பற்றி ஒரு பாடம்



இம்முறை எமது படிப்பு வட்டங்களுக்காக நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் சிறியது போலத் தோன்றலாம். பிள்ளை பாடசாலை விட்டு வருகிறது. "அம்மா, நாளைக்கு நூறு ரூபா கொண்டுவரட்டாம். உதவி நிதிக்காம்" என்கிறது. "ஆருக்கு உதவி?" என்று தாய் கேட்கிறாள். பிள்ளைக்குத் தெரியாது. தகப்பனுக்கும் தெரியாது. நூறு ரூபா எப்படியோ புரட்டப்படுகிறது, அல்லது அடுத்த நாள் பிள்ளை "வயிற்றுக் குத்து" என்று வீட்டில் நிற்கிறது. கேள்வி மட்டும் எவரிடமும் போய்ச் சேர்வதில்லை.

கொடுப்பது நல்லது. அதைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகுவது இன்னும் நல்லது. ஆனால் எந்த நிதிக்குக் கொடுப்பது என்பதைப் பாடசாலை எப்படித் தீர்மானிக்கிறது? அத்தீர்மானத்தில் எமக்கு ஐயம் இருந்தால் அதை எங்கே, எப்படிச் சொல்வது? பார்த்தல், ஆராய்தல், செயற்படல் என்ற மூன்று படிகளில் இதனைப் படிப்போம். இம்முறையை வகுத்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப் கார்டைன். 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தமது சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார்.

1. பார்த்தல்

திரியாய் மக்களுக்கு உதவி நிதி என்பது புதிய சொல் அல்ல. 1985இல் ஊரைவிட்டு வெளியேறியது முதல், முகாமிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த காலம் முழுவதும், நாம் உதவி பெறும் வரிசையில் நின்றோம். அரிசி, பருப்பு, பாய், வாளி எல்லாம் வந்தன. அவற்றுள் பல, எங்கோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு பாடசாலையில் சிறுவர்கள் சேர்த்த காசில் வந்தவை. அவர்களுக்கு எமது நன்றி உரியது.

வரிசையில் நின்றவர்களுக்கு வேறொன்றும் தெரியும். பொருள் வருமுன்னர் படம் எடுப்பவர் வந்தார். தேவைப்பட்டது மண்வெட்டியாக இருக்க, வந்தது வேறொன்றாக இருந்தது. ஒரே வீட்டுக்கு மூன்று பட்டியலில் பெயர் இருந்தது. அடுத்த வீட்டுக்கு ஒன்றிலும் இல்லை. கொடுத்தவரின் மனத்துக்கும் பெற்றவரின் கைக்கும் இடையே மூன்றாவது கை ஒன்று நிற்கிறது என்பதை நாம் அங்கேதான் கற்றோம். அந்த மூன்றாவது கை பெரும்பாலும் நேர்மையானதாகவும் களைத்துப்போனதாகவும் இருந்தது. சில வேளை அப்படி இருக்கவில்லை.

இன்று எமது பிள்ளைகள் கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆகவே, பெறும் பக்கத்தில் நின்று கற்றதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை எமக்கு உண்டு.

படிப்பு வட்டத்துக்காக ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிராமப் பாடசாலை ஆண்டுதோறும் ஓர் அமைப்பைத் தேர்ந்து அதற்காக நிதி சேர்க்கிறது. இவ்வாண்டு தேர்ந்தது ஒரு கடன் நிறுவனம் ஆரம்பித்த அறக்கட்டளையை. அந்த அறக்கட்டளை புத்தகப் பைகள் கொடுப்பதாகச் சொல்கிறது. ஆனால் அதே நிறுவனத்தின் வாரக் கடனைக் கட்ட முடியாமல் தோட்டை விற்ற தாய்மார் அவ்வூரில் பலர். அவர்கள் தம் பிள்ளையின் கையில் நூறு ரூபாவை வைக்கும்போது மனம் எரிகிறது. பாடசாலை வாசல் மர நிழலில் நின்று மெதுவாகப் பேசுகிறார்கள். அதிபர் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இங்கே பிழை எங்கே? அதிபரிடமா, அறக்கட்டளையிடமா, மர நிழலிலேயே நின்றுவிட்ட பேச்சிலா? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, எமது நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

2. பூவரசம்பூ சொல்லும் வரலாறு

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆந் திகதி முடிவுற்றது. அதன்பின் பிரித்தானியப் பேரரசின் நாடுகளில் ஆண்டுதோறும் அந்நாளில் சிவப்புப் பொப்பிப் பூக்களை விற்று, காயமுற்ற, வறுமையுற்ற முன்னாள் படைவீரருக்காக நிதி சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் மயானம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அதன் கல்வரிசையை நீங்கள் கண்டிருப்பீர்கள். இறந்தவனை நினைப்பதும், ஊனமுற்றவனைத் தாங்குவதும் மனிதக் கடமை.

இலங்கையிலும் பொப்பி விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் அதை வாங்கவேண்டியிருந்தது. ஆனால் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் வீரருக்கே சென்றது. அதே போரில் பணியாற்றித் திரும்பி, வேலையின்றி இருந்த இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதைக் கண்ட ஏலியன் பெரேரா என்ற இலங்கை முன்னாள் படைவீரர், அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். அது சூரிய மல். சிங்களத்தில் சூரிய என்பது எமது பூவரசு. எங்கள் வேலிகளில் கதியாலாக நின்று, ஆட்டுக்குக் குழையும், பிள்ளைகளுக்குப் பீப்பீ ஊத இலையும் தருகின்ற அதே மரந்தான்.

1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 'பூக்களின் போர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இந்நாட்டின் பௌத்த பெண்கள் பாடசாலைகளில் அதிபராகப் பணிபுரிந்தவர். இலங்கைப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பொப்பி வாங்கச் செய்வதும், அப்பணம் இந்நாட்டின் சொந்த வீரரை விட்டு வேறிடம் போவதும் நியாயமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவருடைய சொந்த இனத்தவரே அவரைத் தூற்றினார்கள். ஆனால் கேள்வி நின்று நிலைத்தது. தென் கொழும்பு இளைஞர் சங்கத்தினர் சூரிய மல் இயக்கத்தைப் புத்துயிர்ப்பித்தனர். டொரீன் யங் அதன் முதல் தலைவரானார். இணைச் செயலாளர்களாகத் தெரிவானவர்களில் ஒருவர் டெரன்ஸ் டி சில்வா, மற்றவர் றொபின் இரத்தினம் என்ற தமிழர். அன்றிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, ஒவ்வொரு நவம்பர் 11இலும் தெருக்களில் பொப்பிக்குப் போட்டியாகப் பூவரசம்பூ விற்கப்பட்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த தொகை பெரிதல்ல.

1934இன் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியது. அடுத்த ஆண்டு வரை நீடித்த அந்நோயில் குறைந்தது 80,000 பேர் மாண்டனர். கேகாலைப் பகுதி மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. பூவரசம்பூ விற்ற அதே இளைஞர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். கொயினா மருந்து மட்டும் போதாது, பசியில் நலிந்த உடம்புக்கு உணவும் வேண்டும் என்பதைக் கண்டார்கள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவுக்கு அக்காலத்தில் மக்கள் வைத்த பெயர் 'பருப்பு மாத்தையா'. நிவாரணப் பருப்பின் அருமை தெரிந்த எமக்கு அப்பெயரின் பொருளை விளக்கவேண்டியதில்லை. இவ்வியக்கத்தில் முன்னின்ற பலர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். அவர்களது அரசியலை நாம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறோமோ இல்லையோ, அவர்களிடம் கற்க மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, அவர்கள் "கொடாதே" என்று மட்டும் சொல்லவில்லை. பொப்பியை மறுத்த கையில் பூவரசம்பூவைக் கொடுத்தார்கள். இரண்டாவது, கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர் தாமே ஓர் அதிபர். கேட்பது பாடசாலைக்குப் பகை என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. மூன்றாவது, தங்கள் பூவுக்கும் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். நோய் வந்த நாளில் அந்த இயக்கம் எங்கே நின்றது என்பதை மக்கள் கண்ணாலே கண்டார்கள்.

3. ஆராய்தல்: நான்கு கேள்விகள்

ஒரு பாடசாலை எந்த நிதியைத் தேர்ந்தாலும் நான்கு கேள்விகளை நாம் கேட்கலாம். இவை உலகின் பல இடங்களில் கேட்கப்பட்டவை.

(அ) காசு போய்ச்சேரும் வரை எங்கே இருக்கிறது?

பிரித்தானியாவில் 'கொமிக் றிலீஃப்' என்றொரு பெரிய அறநிதி உண்டு. அதற்காகப் பாடசாலைப் பிள்ளைகள் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு விளையாட்டாகப் பணம் சேர்ப்பார்கள். ஆபிரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வறியவர்களுக்கு அதனால் நன்மை விளைந்திருக்கிறது. ஆனால் 2013 டிசம்பரில் பீ.பீ.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சி ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. செலவு செய்யுமுன் வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி ஆயுதம், புகையிலை, மதுபானம் ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பங்குகளில் முதலிடப்பட்டிருந்தது. 2009இல் ஓர் ஆயுத நிறுவனத்தில் மட்டும் 630,000 பவுண் இருந்தது. போரால் துன்புறுவோருக்கு உதவச் சேர்த்த காசு, குண்டு செய்பவனின் பெட்டியில் சிலகாலம் தங்கிப் போயிருக்கிறது. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த எமக்கு இதன் கொடுமை புரியும். கேள்வி பகிரங்கமாக எழுந்தபடியால், அந்நிறுவனம் தன் முறைகளை மீளாய்வு செய்து, இனி அத்தகைய தொழில்களில் முதலிடுவதில்லை என்று 2014இல் அறிவித்தது. கேட்டதால் நிதி அழிந்துபோகவில்லை, திருந்தியது.

(ஆ) நல்ல நோக்கத்திற்கு அவர்கள் கையாளும் வழி எமது மனச்சாட்சிக்கு ஒத்ததா?

2014இல் தலையில் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றி நிதி சேர்க்கும் ஒரு வேடிக்கை உலகெங்கும் பரவியது. நரம்புகள் செயலிழந்து தசைகள் தேயும் ஒரு கொடிய நோயின் ஆராய்ச்சிக்கானது அது. அமெரிக்காவின் சின்சினாட்டி உயர்மறைமாவட்டம், அந்த நிதியைப் பெறும் சங்கம் மனிதக் கருவை அழித்துப் பெறும் கலங்களைக் கொண்டு நடந்த ஆய்வுக்கும் உதவியதை அறிந்தது. கத்தோலிக்கப் போதனை இதை ஏற்பதில்லை. ஆகவே தனது பாடசாலை அதிபர்களுக்குக் கடிதம் எழுதியது. பிள்ளைகளின் உற்சாகத்தை அது தடுக்கவில்லை. தண்ணீரை ஊற்றுங்கள், நோயாளருக்காகச் சேருங்கள், ஆனால் பணத்தை அயோவாவில் உள்ள இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மருத்துவ ஆய்வு நிலையத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. இங்கேயும் மறுத்த கை வேறொரு பூவைக் கொடுத்ததைக் காண்க. உங்கள் மனச்சாட்சியில் உறுத்துவது வேறொன்றாக இருக்கலாம். எமது உதாரணத்தில் வரும் கடன் நிறுவனமும் இவ்வகையைச் சேர்ந்ததே. பை கொடுப்பது நல்ல நோக்கம். அதைக் கொடுக்கும் கை ஊரிலே வேறென்ன செய்கிறது என்பதும் பார்க்கவேண்டியதே.

(இ) உதவியோடு சொல்லாத ஒன்றும் சேர்ந்து போகிறதா?

மேல்நாடுகளில் பிள்ளைகள் சப்பாத்துப் பெட்டிகளில் விளையாட்டுப் பொருட்களை நிரப்பி, நத்தாருக்கு ஏழை நாடுகளுக்கு அனுப்பும் ஒரு திட்டம் உண்டு. அதை ஒரு கிறிஸ்தவ நற்செய்தி நிறுவனம் நடத்துகிறது. பெட்டியோடு சமயப் பிரசுரங்களும் வகுப்புகளும் பெறும் பிள்ளைகளைச் சென்றடைகின்றன. பொதுப் பாடசாலை ஒன்று இதில் ஈடுபடலாமா என்ற கேள்வி பல இடங்களில் எழுந்தது. 2013இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் அரச நிதியில் இயங்கும் ஒரு பாடசாலை, ஆட்சேபம் வந்ததும் அந்தச் சேகரிப்பை நிறுத்திவிட்டது.

ஒரு கத்தோலிக்கக் குரு இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மறைக்க விரும்பவில்லை. நற்செய்தியை அறிவிப்பது எமது அழைப்பு. ஆனால் பசித்தவனின் சோற்றுக்குள் அதை ஒளித்து வைப்பது நற்செய்திக்கே அவமானம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றி வெளியிட்ட ஏட்டில், ஏழைகளிடமும் கல்வியறிவு குறைந்தவர்களிடமும் நிர்ப்பந்தமோ தகாத தூண்டுதலோ போலத் தோன்றும் எச்செயலையும் தவிர்க்கவேண்டும் என்று கற்பித்துள்ளது. சைவப் பெற்றோர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டால் அவர் எமது சபைக்கு எதிரி அல்லர். அவர் எமது சங்கத்தின் போதனையையே எமக்கு நினைவூட்டுகிறார்.

(ஈ) கொடுக்க முடியாத பிள்ளை என்ன ஆகிறது?

இது மிகவும் முக்கியமான கேள்வி. நவம்பர் மாதத்தில் பெரும்போக விதைப்பு முடிந்து, விதைநெல்லுக்கும் உழவுக் கூலிக்கும் கடன்பட்டு, கமக்காரனின் கை வெறுமையாக இருக்கும். மாசி, பங்குனியில் அறுவடைக்குப் பின்தான் கையில் ஏதாவது இருக்கும். நிதி சேர்க்கும் நாளைத் தேர்பவர்கள் இந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. வகுப்பில் பெயர் வாசித்துக் காசு வாங்கும்போது, இல்லாத பிள்ளை தலை குனிகிறது. கொடுத்த பிள்ளை இரக்கத்தைக் கற்கிறதோ தெரியாது, கொடாத பிள்ளை வெட்கத்தைக் கற்கிறது. அன்பைப் பழக்குவதற்கான முறை இதுவல்ல.

4. விசுவாசத்தின் ஒளியில்

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது எம்மவர் சொல். இதை நாம் பெரும்பாலும் வாங்குபவனைச் சந்தேகிக்கப் பயன்படுத்துகிறோம். ஏழையைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு இப்பழமொழி உதவலாகாது. இடையில் நிற்கும் அமைப்பே நாம் அறியவேண்டிய பாத்திரம். அது ஓட்டைப் பாத்திரமா, ஊத்தைப் பாத்திரமா, சுத்தமானதா என்று பார்ப்பது கொடுப்பவரின் கடமை.

ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக் காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போட்ட நிகழ்வை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் அதற்கு முந்திய வசனங்களை அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. அங்கே ஆண்டவர், நீண்ட செபம் செய்துகொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் கண்டிக்கிறார். உடனேதான் கைம்பெண் வருகிறாள். அவளது தாராளத்தைப் புகழ்ந்தவர், அந்தக் காசு எவர் கையில் விழுகிறது என்பதையும் அறிந்திருந்தார்.

எருசலேம் ஏழைகளுக்காக நிதி திரட்டிய புனித சின்னப்பர், அப்பணத்தைத் தனியொருவரிடம் கொடுத்தனுப்பவில்லை. சபைகள் தெரிவுசெய்த சகோதரரையும் தீத்துவுடன் சேர்த்து அனுப்பினார். கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் குற்றச்சாட்டுக்கு இடமின்றி நடக்கவேண்டும் என்பதே அவர் கொரிந்தியருக்குக் கூறிய காரணம். திருச்சபைச் சட்டமும் இதையே பின்பற்றுகிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காகக் கொடுத்ததை அந்நோக்கத்திற்கே செலவிடவேண்டும் என்று 1267ஆம் சட்டமும், மக்கள் கொடுத்தவற்றுக்கு மக்களிடம் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று 1287ஆம் சட்டமும் சொல்கின்றன.

இவ்விடத்தில் எமது குறை ஒன்றையும் சொல்லவேண்டும். முன்பு ஒரு பங்கில் பணியாற்றியபோது, தவக்கால உண்டியல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, சேர்ந்த தொகையைப் பூசையில் வாசித்து, கைதட்டலும் பெற்றோம். ஒருநாள் ஒரு வயோதிபத் தாய் வாசலில் நின்று, "சுவாமி, போன வருச உண்டியல் காசு ஆருக்குப் போனது?" என்று கேட்டார். எமக்கு முதலில் வந்தது கோபம். பின்னர் யோசித்தபோது, செலவு விபரத்தை நாம் ஒருமுறையேனும் வாசிக்கவில்லை என்பது உறைத்தது. அடுத்த ஆண்டு வரவையும் செலவையும் எழுதி ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். அவ்வாண்டு உண்டியலில் சேர்ந்தது குறையவில்லை. கேட்ட அத்தாயை ஒரு தொந்தரவாக நினைத்த வெட்கம் இன்றும் எம்மிடம் உண்டு.

5. செயற்படல்: எப்படிக் கேட்பது?

முதலில் விபரம் அறியுங்கள். காதில் விழுந்ததை வைத்துப் பேசவேண்டாம். அமைப்பின் பெயர், முகவரி, பதிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தன்னார்வ அமைப்புகளைப் பதிவு செய்வதற்கென 1980இல் 31ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இரண்டாவது, தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பெற்றோராகப் போங்கள். தனியாகப் போனால் அது ஒருவரின் முறைப்பாடு ஆகிவிடும். பத்துப் பேராகப் போனால் அது ஆர்ப்பாட்டம் ஆகிவிடும். முதலில் வகுப்பாசிரியரிடம், பின்னர் அதிபரிடம் பேசுங்கள். பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைக் குறை சொல்லவேண்டாம். பல வேளைகளில் அதிபருக்கும் தெரிவு இருப்பதில்லை. மேலிடத்துச் சுற்றறிக்கையோ, கட்டடம் தந்த நன்கொடையாளரின் வேண்டுகோளோ அவரது கையைக் கட்டியிருக்கும். உங்கள் கடிதம் அவருக்கே துணையாக அமையலாம்.

மூன்றாவது, எழுத்தில் கொடுங்கள். மாதிரிக் கடிதம் ஒன்றைக் கீழே தருகிறோம். தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, பிள்ளைகளிடம் ஈகையை வளர்க்கப் பாடசாலை எடுக்கும் முயற்சியை நாம் வரவேற்கிறோம். இவ்வாண்டு தெரிவுசெய்யப்பட்ட நிதி தொடர்பாகப் பின்வரும் விபரங்களை அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். 1. இவ்வமைப்பைத் தெரிவுசெய்தவர் யார், காரணம் என்ன? 2. சேரும் தொகையில் எவ்வளவு பயனாளிகளைச் சென்றடையும்? 3. சென்ற ஆண்டு சேர்த்த தொகைக்குப் பற்றுச்சீட்டும் கணக்கறிக்கையும் உண்டா? 4. கொடுக்க இயலாத பிள்ளைகளின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படாதிருக்க வழி செய்ய முடியுமா? இவ்விடயத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கலந்துரையாட இடமளிப்பின் நன்றியுடையோம்."

கடிதத்தில் திகதியிட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மாற்று யோசனையோடு போங்கள். பூவரசம்பூ இல்லாமல் பொப்பியை மறுக்கவேண்டாம். ஓர் யோசனை: எமது தாய்மார் அறிந்த பிடியரிசி முறை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது. அறுவடைக்குப் பின்னான இரண்டு மாதங்களில் வகுப்புக்கு ஒரு பானை வைத்து, பெயர் எழுதாமல் சேர்க்கலாம். யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. சேர்ந்ததை யாருக்குக் கொடுப்பது என்பதை மாணவர் மன்றத்திலேயே பேசித் தீர்மானிக்கலாம். கொடுத்தபின், எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்பதைப் பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும். கணக்கு எழுதப் பழகுவதும் ஈகையின் ஒரு பகுதியே.

ஐந்தாவது, பதில் வராவிட்டால் படிப்படியாக மேலே போகலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம் என்பது ஒழுங்கு. அத்துடன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எமக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அரச பாடசாலையோ திணைக்களமோ வைத்திருக்கும் தகவலை எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். அரச நிதியிலோ வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு ஆகியவற்றின் நிதியிலோ பெருமளவு தங்கிப் பொதுச்சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. இதைக் கடைசிக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள். அதிபரோடு ஒரு தேநீர் குடித்துப் பேசித் தீர்க்கக்கூடியதற்கு இது தேவைப்படாது.

6. ஓர் எச்சரிக்கை

எல்லா ஆட்சேபமும் நியாயமானதல்ல. "அது அவங்கட ஆக்களுக்குப் போகுது" என்பது எமது மாவட்டத்தில் மூன்று இனத்தாரின் வாயிலும் கேட்கும் பேச்சு. இது மனச்சாட்சியின் குரல் அல்ல. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகள் புதையுண்டன. 1934இல் பூவரசம்பூ இளைஞர் பருப்புச் சுமந்து போன அதே மாவட்டம். அத்தகைய வேளையில் எமது பாடசாலை நிதி சேர்த்தால், "அவர்கள் எமக்குத் தந்தார்களா?" என்று கேட்பது அழகல்ல. வீடிழந்தவனின் துயரம் வீடிழந்தவனுக்குத் தெரியும். காசு ஒழுங்காகப் போய்ச்சேருமா என்று கேளுங்கள். போய்ச்சேரும் இடத்தின் இனத்தையும் மதத்தையும் கேட்காதீர்கள்.

அதேபோல, காசு கொடுக்க மனமில்லாமல் கொள்கை பேசுவதும் உண்டு. கேள்வி கேட்ட பின், விடை திருப்தியாக இருந்தால், மனம் நிறைந்து கொடுக்கவேண்டும். விடை திருப்தியில்லையேல் அதே தொகையை வேறொரு நல்ல இடத்துக்குக் கொடுக்கவேண்டும். கேள்வியோடு மடியை இறுக்கிக் கட்டிக்கொள்பவர் சூரிய மல் இயக்கத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

திருச்சபை நிறுவனங்களையும் இதே நான்கு கேள்விகளால் அளந்து பாருங்கள். எமது அலுவலகத்துக்கும் வந்து கேளுங்கள். வாசலில் நின்று கேட்ட அத்தாயைப் போலக் கேளுங்கள். அடுத்த முறை பிள்ளை காசு கேட்டு வரும்போது, "ஆருக்கு உதவி?" என்ற கேள்வியைப் பிள்ளையோடு பாடசாலைக்கு அனுப்புங்கள். விடையோடு வீடு திரும்பும் பிள்ளைக்குத் தான் எதற்குக் கொடுக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாட:

1. நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பெற்ற உதவிகளில் எது உங்கள் தேவையைக் கேட்டுத் தந்தது? எது கேளாமல் வந்தது? வேறுபாட்டை எப்படி உணர்ந்தீர்கள்?

2. உங்கள் பிள்ளையின் பாடசாலை கடைசியாக நிதி சேர்த்தது எதற்காக? அதன் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?

3. முதற் பகுதியில் கூறிய கடன் நிறுவன உதாரணத்தில், நீங்கள் அந்தத் தாய்மாரில் ஒருவராயின் என்ன செய்வீர்கள்? நீங்கள் அதிபராயின் என்ன செய்வீர்கள்? இருவரை அமர்த்தி நடித்துப் பாருங்கள்.

4. எமது ஊரில் பிடியரிசிப் பானை வைத்தால், சேர்ந்ததை முதலில் யாருக்குக் கொடுப்பது? ஊருக்கு வெளியே ஒருவருக்கும் கொடுப்போமா?

5. எமது சங்கங்கள், ஆலயம், கோயில் ஆகியவற்றில் சேரும் பணத்துக்கு இந்த நான்கு கேள்விகளையும் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?